நிலநடுக்கம்: நாம் கற்பியாத பாடம்

பொறுமைக்கு உவமை தேடிய நம் முன்னோர் நிலத்தையே கண்டெடுத்தனர். உழுதாலும் வெட்டினாலும் மிதித்தாலும் முகங் கோணாத தாய் என்று நிலமகளைப் போற்றினர். சான்றோரின் வாய்மையைச் சிறப்பிக்க வந்த புலவரும், நிலமே இடம் பெயர்ந்தாலும் அவர் சொல் பெயராது என்று பாடுவதை மரபாகக் கொண்டனர். நிலம் பெயர்தல் நடவாத காரியம் என்ற துணிவு அம்மரபின் அடியிற் கிடக்கின்றது.

இத்துணிவு நம் நிலத்துக்குப் பெரும்பாலும் பொருந்தும். உலகின் எல்லா நிலங்களுக்கும் பொருந்தாது. யப்பானியரும் சிலி நாட்டவரும் நேபாளத்து மலைவாணரும் நம் உவமையைக் கேட்பாராயின் வியப்படைவர். அவர்களுக்கு நிலம் என்பது எந்த நாளிலும் பெயரக்கூடிய ஒன்று. அவ்வாறு பெயரும்போது உயிர் பிழைக்கும் வழியை அவர்களிற் சிலர் நன்கு கற்றிருக்கின்றனர். சிலர் கல்லாமையால் மாண்டனர்.

நிலநடுக்கம் எவ்விடங்களில் மிகுதி, அதிலிருந்து உயிரைக் காப்பது எவ்வாறு என்பவற்றை முதலிற் கூறி, இவ்விடயத்தில் தமிழாசிரியனுக்கு உள்ள கடன் யாதென்பதை ஈற்றிற் கூறுவேன். தமிழ்ப் பண்டிதனுக்கு நிலநடுக்கத்தோடு என்ன தொடர்பு என்று சிலர் வினவலாம். தொடர்பு உண்டு, அதனை நான் காலந் தாழ்த்தியே அறிந்தேன்.

நிலம் ஏன் நடுங்குகின்றது?

ஆதிசேடன் தலை மாற்றுவதால் நிலம் அசைகின்றது என்று நம் பாட்டிமார் கூறினர். யப்பானியரின் பழங்கதையில் நிலத்தின் கீழ்க் கிடக்கும் பெருமீன் ஒன்று புரள்கின்றது. இன்றைய அறிவியல் கூறும் கதை இவற்றினும் வியப்பானது.

நாம் காலூன்றி நிற்கும் பாறையோடு ஒரே துண்டாக அமையவில்லை. கீறலுற்ற முட்டையோடு போல அது பல பெருந் தகடுகளாகப் பிரிந்திருக்கின்றது. அத்தகடுகள் ஆண்டுக்குச் சில சென்ரிமீற்றர் அளவில், ஏறக்குறைய நம் கைந்நகம் வளரும் வேகத்தில், நகர்ந்துகொண்டேயிருக்கின்றன. இரண்டு தகடுகள் சந்திக்கும் எல்லையில் பாறை பாறையைப் பற்றிக்கொள்கின்றது. தகடு நகர முயல்கின்றது. பற்றிய இடமோ விடுவதில்லை. இவ்விறுக்கம் பல ஆண்டுகள், சிலவிடத்து நூற்றாண்டுகள், சேர்ந்துகொண்டே போகின்றது. வளைத்த வில் ஒரு கணத்தில் முறிவதுபோல, ஒரு நாள் அப்பிடி விடுபடுகின்றது. அப்போது எழும் அதிர்வையே நிலநடுக்கம் என்றும் பூமியதிர்ச்சி என்றும் வழங்குகின்றோம்.

அதன் வலிமையைக் குறிக்கும் எண்களைப் பத்திரிகைகளிற் காண்கின்றோம். 7க்கும் 8க்கும் உள்ள வேறுபாடு ஒன்றே எனினும், வெளிப்படும் ஆற்றல் ஏறக்குறைய முப்பத்திரண்டு மடங்கு மிகுகின்றது. எண் இரண்டு கூடினால் ஆற்றல் ஆயிரம் மடங்காகின்றது.

இன்ன நாளில் இன்ன மணிக்கு நிலம் நடுங்கும் என்று முன்கூட்டிச் சொல்ல வல்லவர் இன்றுவரை எவருமிலர். அவ்வாறு சொல்வோரை நம்புதலும் ஆகாது. ஆயின், எவ்விடங்களில் நடுங்கும் என்பதைப் பெரும்பாலும் சொல்லலாம்.

நடுங்கும் நாடுகள்

தேசப்படத்திற் பசுபிக் சமுத்திரத்தின் கரையை விரலால் தொட்டுக்கொண்டு போங்கள். சிலி, பெரு, மெக்சிக்கோ, கலிபோர்னியா, அலாஸ்கா, கம்சற்கா, யப்பான், தாய்வான், பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா, நியூசிலாந்து என்று ஒரு வளையம் அமையும். உலகின் மிகப் பெரிய நிலநடுக்கங்களில் ஐந்தில் நான்கு பங்கு இவ்வளையத்திலேயே நிகழ்கின்றன. கருவியால் அளக்கப்பட்டவற்றுள் மிகப் பெரியதான 1960ஆம் ஆண்டு நடுக்கம், 9.5 அளவினது, சிலியில் நிகழ்ந்தது.

இரண்டாவது பட்டை யாவா, சுமாத்திராத் தீவுகளில் தொடங்கி, அந்தமான், பர்மா வழியாக இமயத்தைத் தழுவி, ஆப்கானிஸ்தானம், ஈரான், துருக்கி, கிரேக்கம், இத்தாலி என மத்தியதரைக் கடல்வரை நீள்கின்றது. இந்தியத் தகடு வடக்கே ஆசியாவை முட்டித் தள்ளுவதால் எழுந்ததே இமயம். அந்த முட்டுதல் இன்னும் ஓயவில்லை. இப்பட்டையில் நடுக்கங்களின் தொகை முன்னையதிற் குறைவு. எனினும், கல்லும் மண்ணும் கொண்டு கட்டிய வீடுகளில் மக்கள் நெருங்கி வாழ்வதால் உயிரிழப்பு மிகுதி. 2023 பெப்ரவரி 6ஆந் திகதி அதிகாலையில் துருக்கியிலும் சிரியாவிலும் உறங்கிக்கொண்டிருந்தவர்களில் ஐம்பதினாயிரத்துக்கும் மேற்பட்டோர் எழுந்திருக்கவேயில்லை.

தகட்டின் எல்லைக்கு அப்பால் இருப்போர் முற்றும் அஞ்சாதிருக்கலாமோ எனின், அதுவும் இயலாது. அசையா நிலம் என்று கருதப்பட்ட தக்கணத்தில், மராட்டிய மாநிலத்து லாத்தூர்ப் பகுதியில், 1993 செப்டெம்பர் 30ஆந் திகதி விடியுமுன் நிலம் நடுங்கியது. அளவு 6.2 மாத்திரமே. ஆயினும் மண்சாந்து வைத்து அடுக்கிய கனத்த கற்சுவர்கள் சரிந்து, பதினாயிரத்துக்கு அண்மித்த மக்கள் மாண்டனர்.

நம் இலங்கையும் தகட்டின் எல்லையிலிருந்து விலகி உள்ளே அமைந்த நாடே. போர்த்துக்கேயர் காலத்தில், 1615ஆம் ஆண்டு, கொழும்பில் நிலம் நடுங்கி வீடுகள் பல வீழ்ந்தன என்று பழங்குறிப்பு ஒன்று கூறுகின்றது. 2020ஆம் ஆண்டில் கண்டிக்கு அருகே திகனைப் பக்கத்துச் சிறு அதிர்வுகள் சுவர்களில் வெடிப்புக் காணுமளவில் அமைந்தன. நமக்குள்ள பெரிய ஆபத்து நம் காலடியில் இல்லை. கிழக்கே சுமாத்திராவின் கடலடியில் இருக்கின்றது. அங்கே நிலம் நடுங்கினால் இங்கே கடல் வரும்.

கொல்வது கூரையே

வெட்டவெளியில் நிற்பவனை நிலநடுக்கம் பெரும்பாலும் கொல்வதில்லை. அவனைத் தள்ளி விழுத்தும், அச்சுறுத்தும், அவ்வளவே. கொல்வது அவன் தலைக்குமேல் அவனே ஏற்றி வைத்த கூரை.

இதற்கு 2010ஆம் ஆண்டு இரு நாடுகளில் நிகழ்ந்தவையே சான்று. சனவரி 12ஆந் திகதி ஹெயிற்றியில் 7.0 அளவான நடுக்கம் நிகழ்ந்தது. இறந்தோர் ஓரிலட்சத்துக்கு மேல் என்பர் சிலர்; மூன்றிலட்சம் என்பர் வேறு சிலர். பிணங்களை எண்ணுவதற்கும் ஆளில்லாத அழிவு அது. ஆறு வாரங்களின் பின், பெப்ரவரி 27ஆந் திகதி, சிலியில் 8.8 அளவான நடுக்கம் நிகழ்ந்தது. ஆற்றலிலே இது முன்னையதினும் ஏறக்குறைய ஐந்நூறு மடங்கு. இறந்தோர் தொகை ஐந்நூற்றுச் சொச்சம்; அவர்களிலும் பலரைக் கொண்டுபோனது கடல்.

ஹெயிற்றியின் நடுக்கம் தலைநகருக்கு மிக அருகில், ஆழங் குறைந்த இடத்தில் எழுந்தது என்பது உண்மையே. ஆனால் அது முழுக் காரணமாகாது. சிலி நாட்டவர் 1960ஆம் ஆண்டின் அழிவை மறவாமல் கட்டிட விதிகளை வகுத்தனர். வகுத்ததோடு நில்லாமல் கைக்கொண்டனர். கட்டியவர் பத்தாண்டுகளுக்குக் கட்டிடத்தின் பழுதுக்குப் பொறுப்பாளி என்று சட்டம் செய்தனர். ஹெயிற்றியிலோ விதியும் இல்லை, கேட்பாரும் இல்லை. கம்பி குறைந்த மெலிந்த தூண்களின்மேல் கனத்த கொங்கிரீற்றுத் தட்டுகளை ஏற்றியிருந்தனர். நிலம் பக்கவாட்டில் ஆடியபோது தூண்கள் முறிந்தன. தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அமர்ந்தன.

வீடு என்பது மேலிருந்து கீழ்நோக்கி வரும் பாரத்தைத் தாங்கவே பெரும்பாலும் கட்டப்படுகின்றது. நிலநடுக்கமோ அதனைப் பக்கவாட்டிற் பிடித்து உலுக்குகின்றது. ஆதலின் சுவர்கள் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டிருத்தல் வேண்டும்; சுவர்களுக்கு மேலே நான்கு புறமும் கம்பியிட்ட கொங்கிரீற்று வளை ஓடுதல் வேண்டும்; தூணும் வளையும் கூடும் மூட்டிலே கம்பிகள் நெருக்கமாகக் கட்டப்படுதல் வேண்டும்; கூரை இலேசாயிருத்தல் நன்று. கீழ்த்தளத்தைக் கடைகளுக்காகச் சுவரின்றித் திறந்துவிட்டு மேலே மாடிகளை அடுக்குதல், மெலிந்த காலன் தலையிற் பெருமூட்டை சுமப்பதை ஒக்கும். இவையெல்லாம் பெருஞ்செல்வர்க்கு மாத்திரம் இயன்றவையல்ல. கட்டும்போதே கருத்திற் கொண்டாற் சிறு செலவிலேயே முடிபவை.

ஆசிரியராகிய நமக்கு இங்கே நெஞ்சை உறுத்தும் செய்தி ஒன்றுண்டு. 2005 ஒக்டோபர் 8ஆந் திகதி காலை, பாகிஸ்தானின் பக்கத்துக் காஷ்மீரில் நிலம் நடுங்கியபோது பிள்ளைகள் வகுப்பறைகளில் இருந்தனர். பாடசாலைக் கட்டிடங்கள் அவர்கள்மேல் வீழ்ந்தன. 2015 ஏப்பிரல் 25ஆந் திகதி, நண்பகல் அணுகும் வேளையில், நேபாளம் நடுங்கியது. பல்லாயிரம் வகுப்பறைகள் இடிந்தன, அவை வெறுமையாயிருந்தன. அன்றும் சனிக்கிழமை, நேபாளத்தில் அது வார விடுமுறை. காஷ்மீரிலும் சனிக்கிழமையே, ஆயின் அங்கே அது பாடசாலை நாள். பிள்ளைகளின் உயிரைக் கிழமையின் கையில் ஒப்படைத்து வைத்தல் அறமாகுமா?

ஓர் அதிபரின் வழக்கம்

அறமாகாது என்று கருதிய அதிபர் ஒருவர் சீனாவில் இருந்தார். சிச்சுவான் மாகாணத்துச் சங்சாவோ என்னும் சிற்றூரின் நடுநிலைப் பாடசாலையை நடத்திய யே சிப்பிங் என்பவர் அவர். அவருடைய பாடசாலையின் மாடிக்கட்டிடம் ஒன்று தரமின்றிக் கட்டப்பட்டிருந்தது. தளப்பலகைகளின் இடைவெளியிற் சாந்து பூசவேண்டிய இடத்தில் வெறுஞ் சீமெந்துக் கடதாசிப் பைகள் திணிக்கப்பட்டிருந்ததை அவர் கண்டார். கண்டும் வாளாவிருக்க அவரால் இயலவில்லை. பல ஆண்டுகள் அதிகாரிகளிடம் நடந்து, சிறிது சிறிதாகப் பணம் பெற்று, இடைவெளிகளை நிரப்புவித்தார். தூண்களைப் பருக்கச் செய்தார். அக்கட்டிடத்தைக் கட்டச் சென்ற செலவிலும் அதனைத் திருத்தச் சென்ற செலவு இருமடங்குக்கு மேல்.

அதனோடு அவர் அமையவில்லை. 2005ஆம் ஆண்டு முதல் தவணைதோறும் ஒத்திகை நடத்தினார். வகுப்பின் முன்வரிசைப் பிள்ளைகள் முன்வாயிலாலும் பின்வரிசைப் பிள்ளைகள் பின்வாயிலாலும் வெளியேற வேண்டும். எந்த வகுப்புக்கு எந்தப் படிக்கட்டு, மைதானத்தில் எந்த இடம் என்று வரையறுத்தார். படிக்கட்டுத் திருப்பங்களில் ஆசிரியர்கள் நிற்றல் வேண்டும் என்று விதித்தார். படிப்பைக் கெடுக்கும் வேலை என்று எண்ணியோரும், விளையாட்டாகக் கருதிச் சிரித்த பிள்ளைகளும் இருந்தனர்.

2008 மே 12ஆந் திகதி பிற்பகல் 2.28க்குச் சிச்சுவான் நடுங்கியது. அளவு 7.9. எழுபதினாயிரத்துக்கு அண்மித்தோர் இறந்தனர். அவர்களுள் ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாணவர். அதிபர் அன்று வேறு நகருக்குச் சென்றிருந்தார். இடிந்த வீடுகளினூடே அவர் ஓடி வந்து பார்த்தபோது, பிள்ளைகள் மைதானத்தில் வகுப்பு வகுப்பாக நின்றனர். அதிர்வு ஓடியபோது மேசைகளின்கீழ்ப் பதுங்கி, அடங்கியதும் எழுந்து, இரண்டாயிரத்து இருநூறுக்கும் மேற்பட்ட மாணவரும் ஆசிரியரும் ஒரு நிமிடம் முப்பத்தாறு விநாடிகளில் வெளியேறியிருந்தனர். ஒருவரும் இறக்கவில்லை. அவர் பருக்கச் செய்த தூண்கள் நின்றன; அவர் பழக்கிய பிள்ளைகளும் நின்றனர்.

அவர் 2011ஆம் ஆண்டில் மறைந்தார். அவர் நூல் எழுதிப் புகழ்பெற்றவர் அல்லர். சலியாமல் ஒரே பாடத்தைத் திரும்பத் திரும்பக் கற்பித்தவர்.

நடுங்கும் வேளையில்

அப்பாடத்தின் சாரத்தை இங்கே தொகுத்துக் கூறுதல் நன்று. நிலநடுக்கம் மிக்க நாடுகளுக்கு நம் மாணவர் பலர் படிப்புக்கும் தொழிலுக்கும் செல்கின்றனர். அவர்க்கும் இது பயன்படும்.

கட்டிடத்தினுள் இருக்கையில் நிலம் நடுங்கின் ஓடலாகாது. பலர் அடிபடுவது ஓடும்போதும், சரியும் சுவர் ஓடுகளின்கீழ் வாயிலில் நெருங்கும்போதுமே. குனிந்து நிலத்தில் மண்டியிட்டு, வலிய மேசையின்கீழ்ப் புகுந்து, அதன் காலைப் பற்றிக்கொள்ளுதல் வேண்டும். மேசை நகர்ந்தால் நாமும் உடன் நகர்வோம். மேசை இல்லையெனின் உட்சுவரின் ஓரத்திற் குந்தித் தலையையும் பிடரியையும் கைகளால் மறைத்தல் வேண்டும். கண்ணாடி யன்னல், நிலைப்பெட்டி, புத்தக அலுமாரி ஆகியவற்றின் அருகே நிற்றல் கூடாது. படுக்கையில் இருப்பவர் தலையணையால் தலையை மூடி அங்கேயே கிடத்தல் நன்று. மண்சுவரும் கனத்த கூரையும் உடைய ஒருதள வீட்டில், வாசலருகே இருப்பவர் மாத்திரம் விரைந்து வெளியேறலாம். மின்தூக்கியை ஒருபோதும் நாடலாகாது. வெளியே நிற்பவர் மதிலையும் மின்கம்பத்தையும் விட்டு விலகி நிற்றல் வேண்டும்.

அதிர்வு நின்றபின்னும் ஆபத்து நிற்பதில்லை. 1923 செப்டெம்பர் முதலாந் திகதி நண்பகலுக்கு இரண்டு நிமிடம் முன்பாகத் தோக்கியோ நகரம் நடுங்கியது. மதிய உணவுக்காக வீடுதோறும் அடுப்பு எரிந்த நேரம். மரவீடுகள் அடுப்பின்மேற் சரிந்தன. இறந்த ஓரிலட்சத்துக்கும் மேற்பட்டோரிற் பெரும்பாலோரை உண்டது தீயே. ஆதலின், அதிர்வு அடங்கியதும் அடுப்பையும் எரிவாயுவையும் மின்னையும் நிறுத்துதல் முதற்கடன். பின்னதிர்வுகள் வரும், வெடித்த கட்டிடத்தினுள் பொருளெடுக்கத் திரும்புதல் உயிரிழக்கும் வழி. அந்தச் செப்டெம்பர் முதலாந் திகதியை யப்பானியர் 1960ஆம் ஆண்டு முதல் அனர்த்தத் தடுப்பு நாளாகக் கொண்டு, நாடெங்கும் ஒத்திகை நடத்துகின்றனர். இழவு நாளை அவர்கள் பாட நாளாக்கிக்கொண்டனர்.

கடற்கரையில் இருப்பவர்க்கு விதி இன்னும் சுருக்கமானது. நிலம் நெடுநேரம் நடுங்கினாலும், கடல் வழக்கத்துக்கு மாறாக உள்வாங்கினாலும், பெருமுழக்கம் கேட்டாலும், அறிவித்தலுக்குக் காத்திராமல் மேட்டுக்கு ஓடுதல் வேண்டும். உள்வாங்காமலே முதலலை வருதலும் உண்டு. முதலலையே பேரலை என்று எண்ணித் திரும்புதலும் கூடாது. நம் பெரேலியாவிலே 2004ஆம் ஆண்டு, முதலலைக்குத் தப்பிய மக்கள் நின்றிருந்த புகைவண்டியில் ஏறித் தஞ்சம் புகுந்தனர். அடுத்து வந்த அலை அப்புகைவண்டியையே புரட்டியது.

பாவமும் அடையாளமும்

இத்தகைய பேரழிவு நிகழும்போது மனிதன் இருவகை வினாக்களை எழுப்புகின்றான். யார் செய்த பாவம் என்பது ஒன்று. எவ்வாறு நிகழ்ந்தது, முன்னே கண்ட அடையாளம் யாது என்பது மற்றையது.

1934 சனவரி 15ஆந் திகதி பீகாரும் நேபாளமும் நடுங்கிப் பதினாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டபோது, தமிழ்நாட்டில் தீண்டாமை ஒழிப்புப் பயணத்தில் இருந்த காந்தியடிகள், இது தீண்டாமை என்னும் பாவத்துக்கு இறைவன் விதித்த தண்டனை என்றார். அவரைப் பெரிதும் மதித்த தாகூர், அக்கருத்தை மறுத்து எழுதினார். இயற்கை நிகழ்ச்சிக்கு இயற்கைக் காரணமே தேடத்தகும் என்பது கவியின் கருத்து. மறுப்பைக் காந்தியடிகள் தம் பத்திரிகையிலேயே வெளியிட்டார். தீண்டாமை பாவம் என்பதில் இருவர்க்கும் கருத்து வேற்றுமை இல்லை. அப்பாவத்தின் பெயரால் நிலநடுக்கத்தை விளக்கலாமா என்பதே வினா. விளக்கினால், தூண் ஏன் முறிந்தது என்று கேட்பார் இலராவர்.

இதனினும் பழைய எடுத்துக்காட்டு போர்த்துக்கல்லில் உண்டு. 1755 நவெம்பர் முதலாந் திகதி, கிறித்தவரின் திருநாட்காலையில், லிஸ்பன் நகரம் நிலநடுக்கத்தாலும் தீயாலும் கடலாலும் அழிந்தது. தேவகோபம் என்று பலர் பிரசங்கித்தனர். பின்னாளிற் பொம்பால் பிரபு எனப்பட்ட அமைச்சரோ, நகரைத் திருத்திக் கட்டும் வேலையோடு, ஊர்தோறும் குருமாருக்கு வினாப்பத்திரம் அனுப்புவித்தார். நடுக்கம் எவ்வளவு நேரம் நீடித்தது? கடல் முதலில் ஏறியதா, இறங்கியதா? எத்தனை கட்டிடம் வீழ்ந்தன? இவ்வாறு கேட்டன அவ்வினாக்கள். நிலநடுக்க அறிவியல் அவ்வினாக்களிலே தொடங்கியது என்று கூறுவாரும் உளர்.

ஸ்மொங் என்ற சொல்

எழுத்தறிவு மிக்க அமைச்சர்க்கு மாத்திரம் உரியதா இவ்வறிவு? சுமாத்திராவின் மேற்குக் கரைக்கு அப்பால் சிமெயுலுவே என்ற தீவு இருக்கின்றது. 1907ஆம் ஆண்டு அத்தீவில் நிலம் நடுங்கிக் கடல் புகுந்து மக்கள் பலர் மாண்டனர். எஞ்சியோர் அந்நிகழ்ச்சிக்கு ஸ்மொங் என்று பெயரிட்டு, கதையிலும் தாலாட்டிலும் அதனைப் பேரப்பிள்ளைகளுக்கு ஓதினர். அவர்கள் ஓதியது இவ்வளவே: நிலம் பலமாக நடுங்கும், பின் கடல் வற்றும், அப்போது ஒன்றையும் எடுக்க நில்லாமல் மலைக்கு ஓடு.

2004 டிசெம்பர் 26ஆந் திகதி 9.1 அளவான நடுக்கம் அத்தீவின் அயலிலேயே எழுந்தது. வடகரையை அலை அடையப் பத்து நிமிடமும் ஆகவில்லை. அவர்களிடம் அபாய மணியும் இல்லை. வானொலி அறிவித்தலும் இல்லை. ஸ்மொங் என்று கூவினர். குழந்தையும் கிழவரும் மேடேறினர். ஏறக்குறைய எழுபத்தெண்ணாயிரம் மக்களில் இறந்தோர் எழுவர்.

நமக்கோ ஏறக்குறைய இரண்டு மணி நேரம் இருந்தது. இலங்கையில் முப்பதினாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர்.

கடல்கோள் என்ற சொல்

ஸ்மொங்கினும் பழைய சொல் நம்மிடம் உண்டு. கடல்கோள் என்பது அது. இறையனார் களவியலுரை தென்மதுரையையும் கபாடபுரத்தையும் கடல் கொண்டதைக் கூறும். சிலப்பதிகாரம் பஃறுளியாற்றையும் குமரிக்கோட்டையும் கடல் கொண்டதைக் கூறும். மணிமேகலை, இந்திரவிழாவைக் கைவிட்டமையால் புகார் கடல்வாய்ப்பட்டதென்று கூறும். மகாவம்சமும் களனியரசன் இழைத்த பிழையால் கடல் பெருகியது என்ற கதையைக் கொண்டிருக்கின்றது. பெருங்கண்டம் ஒன்று மூழ்கியது என்பதை நிலவியலார் ஒப்புவதில்லை. எனினும் கடல் ஊருட் புகும் என்ற நினைவு நம் நூல்களில் அழியாமல் இருந்தது.

ஆனால் நாம் எதனை நினைவிற் கொண்டோம்? எத்தனை நாடு போயிற்று, எத்தனை நூல் போயிற்று, யார் சினந்தார் என்பவற்றை நினைவிற் கொண்டோம். வருமுன் கடல் என்ன செய்தது, தப்பியவர் எப்பக்கம் ஓடித் தப்பினர் என்பவற்றை நினைவிற் கொள்ளவில்லை. நாம் இழப்பைப் பாடினோம். அத்தீவார் அடையாளத்தைப் பாடினர்.

2004ஆம் ஆண்டில் நான் கிழக்குக் கரையோரப் பாடசாலை ஒன்றிற் கற்பித்துக்கொண்டிருந்தேன். அவ்வாண்டின் கடைசித் தவணையில் முச்சங்க வரலாறு பாடம். கடல்கோள் என்ற சொல்லைக் கரும்பலகையில் எழுதி, கடலாற் கொள்ளப்படுதல் என்று பொருள் விரித்து, தொகையைப் பிரித்துக் காட்டினேன். மாணவன் ஒருவன் எழுந்து, “ஐயா, கடல் வந்த நேரம் அந்தச் சனம் என்ன செய்தது?” என்று கேட்டான். “அது உரையில் இல்லை, சோதினைக்கும் வராது, இரு” என்றேன். அவன் இருந்தான். கடல் பாடசாலை மதிலிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்தது.

டிசெம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை; பூரணை நாள். காலை ஏழு மணிக்குச் சற்று முன் சுமாத்திராவில் நிலம் நடுங்கியது. அதன்பின் நிகழ்ந்ததை இந்நாட்டில் எவருக்கும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. பாடசாலை மீளத் திறந்தபோது அவ்வகுப்பின் இடாப்பில் இரண்டு பெயர்களைச் சிவப்பு மையாற் கோடிட வேண்டியதாயிற்று. கேள்வி கேட்ட பிள்ளை உயிரோடு இருந்தான். அக்கேள்வியை அவன் பின்னர் என்னிடம் கேட்கவில்லை.

அன்று நான் விடையை அறிந்திருக்கவில்லை என்பது உண்மை. ஆயினும் அது கேட்கத்தக்க கேள்வி என்பதையாவது அறிந்திருக்கலாம். கரையோரத்துப் பிள்ளை கேட்ட அக்கேள்வி, நான் சோதினைக்காகக் கற்பித்த எல்லாவற்றினும் பெரியது.

அதன்பின் நாட்டிற் சில நன்மைகள் விளைந்தன. 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி அனர்த்த முகாமைத்துவ நிலையம் அமைந்தது. இந்து சமுத்திர நாடுகள் கூடி எச்சரிக்கை அமைப்பொன்றை நிறுவின. கரையோரங்களிற் கோபுரங்கள் எழுந்தன. 2012 ஏப்பிரல் 11ஆந் திகதி சுமாத்திராவுக்கு அப்பால் 8.6 அளவான நடுக்கம் நிகழ்ந்தபோது, அறிவித்தல் கேட்டு நம் கரையோர மக்கள் உட்புறம் நகர்ந்தனர். அன்று பேரலை வரவில்லை. வீணாக ஓடினோமே என்று சலித்துக்கொண்டோரும் உண்டு. அது வீணன்று; அதுவே ஒத்திகை.

ஆனால் கோபுரம் துருப்பிடிக்கும், கருவி பழுதுபடும், 2004இன் பின் பிறந்த பிள்ளைகளுக்கு அந்நாள் பாடநூற் செய்தியாகிவிட்டது. கபாடபுரம் எவ்வாறு கதையாயிற்றோ அவ்வாறே அதுவும் கதையாகும். அதனைத் தடுக்கும் கருவி ஆசிரியன் கையில் இருக்கின்றது.

இப்போது கடல்கோள் என்ற சொல்லை விளக்கும்போது நான் அங்கே நிறுத்துவதில்லை. ஐந்து நிமிடம் எடுத்துக்கொண்டு, கடல் வருமுன் காணும் அடையாளங்களைப் பிள்ளைகளைக் கொண்டே சொல்விக்கின்றேன். நம் பாடசாலையிலிருந்து மேட்டுக்குப் போகும் வழி எது, வீட்டிலிருந்து போகும் வழி எது, தம்பி தங்கையை யார் தூக்குவது என்று கேட்கின்றேன். பின் நிலம் நடுங்கும் நாடுகளைத் தேசப்படத்திற் காட்டி, மேசையின்கீழ் ஒருமுறை பதுங்கச் சொல்கின்றேன். பிள்ளைகள் சிரிக்கின்றனர். சங்சாவோப் பிள்ளைகளும் சிரித்தவர்களே.

ஆசிரிய நண்பர்களுக்கு என் விண்ணப்பம் இது. முச்சங்க வரலாறு கற்பிக்கும் தமிழாசிரியர் ஒவ்வொருவரும், அப்பாடத்தோடு இவ்வைந்து நிமிடத்தையும் சேர்த்துக்கொள்ளல் வேண்டும். சோதினைக்கு வராது என்று எந்தப் பிள்ளையையும் இருத்திவிட வேண்டாம். கடல் கேட்கும் கேள்விக்கு விடை எழுத அப்பிள்ளைக்குக் கிடைப்பது சில நிமிடமே.